இடப்பக்கம் சுற்றும் மோட்டார்

என்ஜினை அணைக்கச் சொன்னவன் நான்தான். ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று புதன்கிழமை. ஆவரங்குளத்துக் கரையை வெட்டி, இடிந்து கிடந்த பழைய மடையை எடுத்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் மடை கட்டி முடித்திருந்தோம். அந்த வெட்டை மண் போட்டு மூடுவதுதான் பாக்கி. ஐப்பசி பிறந்திருந்தது. மேற்கே மலையில் மழை இறங்கினால் ஓடை வழியாகத் தண்ணீர் நேரே எங்கள் குளத்துக்குத்தான் வரும். கரை திறந்து கிடந்தால் குளத்தில் தங்காமல் அப்படியே கீழே பாயும். கீழே சின்ன வெங்காயமும் கத்தரியும் மல்லிகையுமாக ஊர்ச்சோறு முழுவதும் கிடக்கிறது. வாடகைக்கு வண்டி பிடிக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தபோது நான் எழுந்து நின்றேன். "பெரிய வீட்டு டோசர் இருக்கையில வாடகை வண்டி எதுக்கு? தண்ணி வர்றதுக்கு முன்னால வெட்டை மூடித் தர்றது எங்க பொறுப்பு" என்றேன். எங்கள் வீட்டில் சொன்னால் சொன்னதுதான்.

டோசர் வெட்டுக்குள் இறங்கி, பிளேடை மண்ணில் ஊன்றி நின்றது. முதல் மண் தள்ளுவதற்கு முன் காவல் சாமி மடைக்கருப்புக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். பூசாரி மணியை ஆட்டுகிறார், பக்கத்தில் நிற்கும் எனக்கே கேட்கவில்லை. அவ்வளவு இரைச்சல்.

"அணைடா" என்றேன்.

மொக்கைச்சாமி என் தகப்பனார் காலத்திலிருந்தே அந்த இருக்கையில் உட்கார்ந்து வருபவன். குனிந்து என்னிடம் கத்தினான். "அய்யா, செல்ஃபு நேத்துலருந்து சரியா இழுக்க மாட்டேங்குது. அணைச்சா கெளம்புறது சந்தேகம். ஓடட்டும்யா, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"சாமிக்கு முன்னால இப்பிடி உறுமிக்கிட்டு நிக்கிறது மரியாதையாடா? அணை."

அணைத்தான். மணிச் சத்தம் கேட்டது. தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது. இரும்புச் சங்கிலிச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, "எடு" என்றேன். மொக்கைச்சாமி பொத்தானை அமுக்கினான். என்ஜினை உசுப்பிக் கிளப்புகிற அந்த ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான் எங்கள் பக்கம் செல்ஃப் என்போம். அது ஒருமுறை முனகியது. இரண்டாவது தடவை கருகல் நாற்றம் வந்தது. மூன்றாவது தடவை உள்ளே ஏதோ முறியும் சத்தம். கழற்றிப் பார்த்தால் மூக்குப்பகுதி இரண்டாகப் பிளந்து, உள்ளே கம்பிச்சுருள் கருகிக் கரியாகக் கிடந்தது.

"இதைச் சரிபண்ண முடியாதுய்யா. வேறதான் வாங்கணும்" என்றான்.

ஜேசிபி கொண்டுவந்து டோசரை இழுத்து வெளியே போட்டுவிடலாமே என்று என் மகன் மோகன்குமார் கேட்டான். பதினைந்து டன் எடை, பிளேடு மண்ணுக்குள் புதைந்திருக்கிறது, என்ஜின் ஓடாமல் அதைத் தூக்க முடியாது. இரண்டு ஜேசிபி கட்டினாலும் அசையாது. தள்ளிக் கிளப்புகிற ரக வண்டியும் அல்ல. வேறு வண்டி வந்து மண் தள்ளலாம் என்றாலோ, மூட வேண்டிய வெட்டுக்குள்ளேயே எங்கள் டோசர் குறுக்கே நிற்கிறது. ஊரைக் காக்கப் போன வண்டியே ஊருக்கு அடைப்பாகிவிட்டது.

அய்யம்மாளின் வெங்காயக் காடு மடைக்கு நேர் கீழே. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கரைமேல் நின்றாள். "சாமிக்கு மணி கேக்கணும்னு என்ஜினை நிப்பாட்டுனீக. நாளைக்கு என் வெங்காயம் முங்குனா அந்த மணியையா திம்பேன்?"

பூசாரி அவளை அதட்டினார். நான் மோகன்குமாரிடம் ஜீப் சாவியைக் கொடுத்தேன்.

அன்று மாலையே மோகன்குமார் திண்டுக்கல் போய் மதுரை ரோட்டில் ஒரு கடையில் செல்ஃப் வாங்கி வந்தான். அளவு சரி, போல்ட் துளைகள் சரி. மாட்டினோம். மொக்கைச்சாமி பொத்தானைத் தொட்டதும் பல்லோடு பல் அரைபட்டு ஒரு ஓலம் எழுந்தது. அவன் கையை எடுத்துவிட்டுக் கீழே குதித்தான்.

"வேணாம்யா! இன்னொரு தடவ அமுக்குனா என்ஜினோட ஃப்ளைவீல் சக்கரத்துப் பல்லும் போயிரும். இது வலப்பக்கம் சுத்துது. நம்ம என்ஜின் இடப்பக்கம் சுத்துறது."

"மோட்டாரைத் திருப்பிச் சுத்த வைக்க முடியாதா?" என்றான் மோகன்குமார்.

"சுத்தைத் திருப்பலாம் தம்பி. உள்ள பல்லை முன்னால தள்ளுற மரை ஒரே பக்கமா வெட்டுனது, அதைத் திருப்ப முடியாதே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது அணைக்கட்டு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி. வேலை முடிந்து ஏலம் விட்டபோது ஒன்றைப் போலவே ஒன்று இருந்த இரண்டு டோசர்களை என் தகப்பனாரும் சித்தப்பாவும் எடுத்தார்கள். பாகம் பிரிந்தபோது ஆளுக்கொன்று. சுற்று வட்டாரத்தில் இடப்பக்கம் சுற்றுகிற என்ஜின் அந்த இரண்டுக்கும்தான். ஒன்று வெட்டுக்குள் நிற்கிறது. மற்றது சித்தப்பா மகன் அழகுராஜாவிடம் இருக்கிறது.

அழகுராஜாவோடு எங்களுக்குப் பேச்சு இல்லை. அவன் மகள் இளவேனிலின் கல்யாணத்துக்கு என் மகனின் போனுக்குப் பத்திரிகையைப் படமாக அனுப்பிவிட்டு, "அப்பாகிட்டயும் காட்டீரு" என்று இரண்டு சொல் எழுதியிருந்தான். பெரியப்பன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு வந்து, நின்று, வாய் திறந்து அழைக்க வேண்டும். நாங்கள் போகவில்லை. என் வீட்டுச் சனம் ஒருவரும் போகவில்லை. தாய்மாமன் மாலைக்கு அடுத்ததாகப் பெரியப்பன் கையால் போட வேண்டிய மாலை போடப்படவே இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவன் வீட்டில் இனிச் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை என்று சொல்லியிருந்தேன்.

அன்றிரவு மலைப்பக்கம் மின்னிக்கொண்டே இருந்தது. வியாழன் விடிந்ததும் ஜீப்பை எடுத்தோம்.

திண்டுக்கல் பேகம்பூரில் பள்ளிவாசலை ஒட்டிய சந்தில் ஜெய்தூன் பீவியின் கடை. பழைய டைனமோ, செல்ஃப் எல்லாம் அங்கே கிடைக்கும். கணவர் இறந்த பிறகு அவர்தான் நடத்துகிறார். திண்டுக்கல்லில் இருக்கிறது என்றால் அங்கேதான் இருக்கும் என்று மொக்கைச்சாமி சொல்லியிருந்தான். கடை அப்போதுதான் திறந்திருந்தது. முறிந்த செல்ஃபை மேசைமேல் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இடது சுத்து. இருபத்தி நாலு வோல்ட்டு. நீங்க எந்த ஊரு பெரியவரே?"

"சேவுகம்பட்டிக்குக் கிழக்க. பெரிய வீட்டு முத்துக்கிருஷ்ணன்."

அந்தம்மாள் என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய் சாக்கில் சுற்றிய ஒன்றை அணைத்துத் தூக்கி வந்து வைத்தார். சாக்கை விலக்கினார். அதே மோட்டார். எண்ணெய் பூசி, சுத்தமாக, புதிதைப் போல இருந்தது.

"இதாம்மா" என்று மோகன்குமார் கையை நீட்டினான். பீவி சாக்கை மறுபடி மூடினார்.

"இருக்குன்னு காட்டத்தான் எடுத்தேன் தம்பி. இல்லைன்னு பொய் சொல்லி அனுப்ப எனக்கு மனசு இல்ல. இது இன்னொருத்தருக்கு. மாசக்கணக்காத் தேடச் சொல்லி, திருச்சியில ஒடச்ச வண்டியிலருந்து வாங்கி வச்சது. தாரேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. அந்த மோட்டார் வேண்டியவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான்.

வெட்டு திறந்து கிடப்பதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். என்ன விலையானாலும் தருகிறேன் என்றேன். அவர் முகம் மாறியது.

"ஏன் பெரியவரே, உங்க வீட்டுல வாக்குக் குடுத்தா வெலைக்கு மாத்துவீகளா?"

இந்தக் கேள்வியை நானே எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்.

"அவரு ஒரு வார்த்தை சொன்னா இந்த நிமிஷமே தூக்கிக் குடுத்துருவேன். போன் போடவா?" என்றார் பீவி.

"வேண்டாம்."

கடைக்கு வெளியே வந்ததும் மோகன்குமார் வெடித்தான். "ஏம்ப்பா வேண்டாங்குறீக? நான் பேசுறேன். எனக்கும் சித்தப்பாதான அவரு."

"போன்ல அழைச்சான்னுதான் நாம கல்யாணத்துக்குப் போகலை. இப்ப நாம போன்ல கேட்டா அவன் காறித் துப்ப மாட்டானா? மூத்தவன் நேர்ல போய்க் கேக்கணும். போன்ல முடியாதுன்னு சொல்றது லேசு. மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும், பாப்போம்."

அப்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது. மொக்கைச்சாமி. "அய்யா, மேல தடுப்பணையில தண்ணி வழியுது. ஓடையில கணுக்கால் அளவு வந்துருச்சு. மத்தியானத்துக்கு மேல தாங்காது."

மோகன்குமார் என்னைப் பார்த்தான். கோபத்தில் அவன் கண் சிவந்திருந்தது. ஆனாலும் ஜீப்பைக் கிளப்பினான். கிளம்புமுன் அழகுராஜா எங்கே என்று பீவியிடமே கேட்டுக்கொண்டோம். பேரனுக்குக் காதுகுத்து, கிடா வாங்க அய்யலூர்ச் சந்தைக்குப் போயிருக்கிறார் என்றார். ஊர் ஒரு திசை, அய்யலூர் எதிர்த்திசை. திருச்சி ரோட்டில் ஜீப் பறந்தது. என் முதுகுக்குப் பின்னால் குளத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்பது ஒவ்வொரு மைல் கல்லிலும் தெரிந்தது. இடையில் ஒரு கடையில் நிறுத்தச் சொன்னேன்.

"இப்ப எதுக்கு?"

"வெத்தலை பாக்கு வாங்கணும்."

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

சந்தை கலையத் தொடங்கியிருந்தது. ஆட்டுப் புழுக்கையும் சேறுமாக மிதிபட்ட தரையில், மூன்று கிடாக்களின் கயிற்றை ஒரே கையில் சுற்றிக்கொண்டு அழகுராஜா நின்றான். தலை நரைத்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் சித்தப்பாவேதான். நான் வருவதைப் பார்த்தவன் முதலில் திரும்பிக்கொண்டான், பிறகு நேராக நின்றான். சுற்றிலும் எங்கள் இரண்டு பேரையும் தெரிந்தவர்கள்.

"யாரு, அண்ணனா? கெடா வேணுமா?"

"ஒன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

"அட! வாட்ஸ்அப்புல ஒரு மெசேஜ் போட்டுருக்கலாமேண்ணே. இம்புட்டுத் தூரம் சேத்துல நடந்து, வேட்டியெல்லாம் அழுக்காகி..."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. அசையாமல் நின்றேன்.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. அதான் நேர்ல வந்தேன். பேகம்பூர்ல ஒனக்குன்னு எடுத்து வச்சிருக்கிற செல்ஃபு எனக்கு வேணும். அதைக் கேக்க வந்தேன்."

அவன் சிரிப்பு நின்றது. "ஏன், டோசருக்கு என்ன?"

"பழசு எரிஞ்சுபோச்சு. டோசர் ஆவரங்குளத்து வெட்டுக்குள்ள நிக்குது. ஓடையில தண்ணி வந்துருச்சு."

"வெட்டுக்குள்ளயா?" கிடாக் கயிற்றைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான். அந்தக் குளத்தில் நீந்தக் கற்றவன் அவன். கீழே யார் யார் காடு கிடக்கிறது என்று அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "வீக்கான செல்ஃபை வச்சுக்கிட்டு வெட்டுக்குள்ள என்ஜினை அணைச்ச முட்டாப்பய யாரு? மொக்கைச்சாமி செய்ய மாட்டானே."

மோகன்குமார் என் பின்னால் மூச்சை அடக்குவது தெரிந்தது.

"நான்தான் அணைக்கச் சொன்னேன்."

அழகுராஜா என் முகத்தையே பார்த்தான். அதில் எதைத் தேடினான் என்று எனக்குத் தெரியாது. பிறகு போனை எடுத்து, "பீவிம்மா, அண்ணன் வருவாரு. அதைக் குடுத்துருங்க" என்று சொல்லி வைத்தான்.

"கேட்டுக்கங்கண்ணே. தானமில்ல. எரவல். என் வண்டியும் அது இல்லாமத்தான் மொடங்கிக் கெடக்கு, திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்கு. வெட்டு மூடுனதும் பொருள் என் வீட்டுக்கு வந்துரணும்."

"வந்துரும்."

"ஆள்கிட்டக் குடுத்து விடக் கூடாது."

"நானே கொண்டு வாரேன்."

வெற்றிலைப் பையை நீட்டினேன். அவன் கையை மடக்கிக்கொண்டான். "சந்தையில வச்சு வாங்குறது முறை இல்லண்ணே. அதையும் வீட்டுக்கே கொண்டு வாங்க."

பேகம்பூரில் மோட்டாரை வாங்கிக்கொண்டு நாங்கள் ஊர் திரும்பியபோது ஓடை முட்டளவுக்கு வந்திருந்தது. குளத்தின் தாழ்ந்த பகுதி நிறைந்து, கலங்கல் தண்ணீர் டோசரின் சங்கிலிச் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெட்டின் வாயில் ஊர் ஆட்கள் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அவற்றுக்கிடையில் தண்ணீர் ஏற்கெனவே கீழே ஒழுகத் தொடங்கிவிட்டது. அய்யம்மாள் இடுப்பளவு மூட்டையைத் தனியாகத் தூக்கி வந்து போட்டாள். என்னைத் தாண்டி அடுத்த மூட்டைக்குப் போனாள். ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மொக்கைச்சாமி சேற்றில் மல்லாந்து படுத்து மோட்டாரை மாட்டினான். ஒரு போல்ட் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. மோகன்குமார் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். கிடைக்கவில்லை. மறுபடி துழாவினான். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிடைத்ததும் அவன் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தான். சின்னப் பிள்ளையில் அப்படிச் சிரிப்பான்.

மொக்கைச்சாமி ஏறி உட்கார்ந்தான். பொத்தானில் விரலை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அமுக்கு."

பல் பிடித்தது. ஓலம் இல்லை. என்ஜின் கனமாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு கரும்புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது. கரையில் கூச்சல் போட்டார்கள். பிளேடைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த டோசர், வெட்டை விட்டு வெளியேறிய மறு நொடி மூட்டைகள் சரிந்து தண்ணீர் வாய்விட்டுப் பாய்ந்தது. மொக்கைச்சாமி காத்திருக்கவில்லை. பக்கத்தில் குவித்திருந்த மண்ணை ஒரே தள்ளாகக் கொண்டுவந்து அதன் முகத்தில் போட்டான். தண்ணீர் அதைத் தின்றது. மறுபடி போட்டான். நாலாவது தள்ளோ ஐந்தாவது தள்ளோ, மண் நின்றது. அதன்மேல் ஏறி ஏறி மிதித்து, பொழுது சாயும் முன் வெட்டு இருந்த இடம் தெரியாமல் கரை ஒன்றாகிவிட்டது. அய்யம்மாளின் காட்டில் ஓர வரப்பு இரண்டு முங்கியதோடு சரி.

நான் கரைமேல் ஏறி நின்று பார்த்தேன். குளம் ஏறிக்கொண்டிருந்தது.

"மொக்கைச்சாமி, செல்ஃபைக் கழட்டு."

எல்லாரும் திரும்பினார்கள்.

"அப்பா, புது மண்ணு. ராத்திரி எங்கயாவது கசிஞ்சா டோசர் இல்லாம என்ன செய்வோம்? அவருக்குத் திங்கக்கிழமைதான வேணும்?" என்றான் மோகன்குமார்.

"திங்கக்கிழமை அவனுக்கு வேலை. எங்கிட்ட அவன் சொன்னது வெட்டு மூடுனதும்னு. வெட்டு மூடியாச்சு."

"ஊரைவிட உங்க வார்த்தை பெருசா?"

"ஊருக்குக் குடுத்ததும் வார்த்தைதான். ரெண்டையும் காப்பாத்தணும்." மொக்கைச்சாமியைப் பார்த்தேன். "என்ஜினை அணைக்காத. ஓடும்போதே கழட்ட முடியுமா?"

அவன் தலையைச் சொறிந்தான். "பேட்டரி வயரை உருவிட்டு, பதனமாச் செஞ்சா முடியும்யா. கை நழுவுனா உள்ள சக்கரம் விரலைக் கொண்டுபோயிரும். கழட்டுன ஓட்டையைத் தகட்டைப் போட்டு மூடிரலாம். ஆனா ஒண்ணு, பெறகு மழை விடுற வரைக்கும் வண்டி அணையக் கூடாது. அணைஞ்சா கல்லுதான்."

"அணையாது."

"ஓடுற மாட்டுக்கு லாடம் அடிக்கிற கதையால்ல இருக்கு" என்றாள் அய்யம்மாள். இந்த முறை அவள் குரலில் சிரிப்பு இருந்தது. மொக்கைச்சாமி டோசருக்கு அடியில் படுத்தான். மண் அதிர என்ஜின் உறுமிக்கொண்டிருக்க, ஒவ்வொரு போல்ட்டாகக் கழன்றது. கடைசி போல்ட் வந்ததும் மோட்டாரின் பாரம் அவன் நெஞ்சில் இறங்கியது. ஒரு கணம் சாய்ந்தது. மோகன்குமார் பாய்ந்து மறுபக்கம் தாங்கிக்கொண்டான். மொக்கைச்சாமி ஊர்ந்து வெளியே வந்து பத்து விரலையும் விரித்து எனக்குக் காட்டினான்.

மோட்டாரைச் சாக்கில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் ஏறியது.

அழகுராஜாவின் வீட்டு வாசலில் நாங்கள் இறங்கியபோது மேற்கே வெளிச்சம் கொஞ்சம் பாக்கி இருந்தது. தூறிக்கொண்டிருந்தது. அவனே வெளியே வந்தான். வெற்றிலையை முதலில் கொடுத்தேன், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மோகன்குமார் மோட்டாரைத் தரையில் வைத்தான். அழகுராஜா குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைச் சட்டென்று எடுத்தான்.

"சுடுது! இப்பத்தான் கழட்டுனீகளா?"

"ஆமா."

"அப்ப டோசரு?"

"ஓடிக்கிட்டு இருக்கு. மொக்கைச்சாமி மேலயே உக்காந்திருக்கான்."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குண்ணே" என்றான். "ரெண்டு நாளு வச்சிருந்தா நான் கேட்டிருப்பேனா?"

"நீ கேட்டிருக்க மாட்ட. நான் வச்சிருந்திருக்க மாட்டேன்."

உள்ளேயிருந்து இளவேனில் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். இடுப்பில் பிள்ளை. வாங்கினேன். குடித்தேனா என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. அது எங்கள் வீட்டு விஷயம்.

அழகுராஜா மலைப்பக்கம் பார்த்தான். அங்கே மறுபடி மின்னியது.

"டீசல் இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு" என்றேன்.

இருந்தது விடிகிற வரைக்கும்தான். அது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கொட்டகைக்குள் போய், தன் வண்டிக்கு வைத்திருந்த கேன்களை ஒவ்வொன்றாக எடுத்துவந்து எங்கள் ஜீப்பின் பின்னால் அடுக்கத் தொடங்கினான். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எரவல்தாண்ணே" என்றான், திரும்பிப் பார்க்காமல்.